டூடி ஜிசில ஒரே பீக்க மூணு ப்ளாபா வெட்டுது, கையாலயே மெர்ஜ் பண்ணிடலாமா?

உப்பங்காத்து:
வணக்கம் மக்களே. பாண்டில ஒரு லேப்ல பிஎச்டி பண்றேன், கடலூர் பக்கம் கடலோர மணல்ல வெளையிற வெட்டிவேர் இருக்கில்ல, அந்த எண்ணெயத்தான் டூடி ஜிசில, அதாவது கலவைய ரெண்டு காலம்ல அடுத்தடுத்து பிரிக்கிற கேஸ் குரோமட்டோகிராஃபில, ஓட்டிட்டிருக்கேன். முதல் டிமென்ஷன் (முதல் காலம்) நான்-போலார், ரெண்டாவது போலார், மாடுலேஷன் (முதல் காலம்லேர்ந்து வர்றத துண்டு துண்டா ரெண்டாவதுக்கு அனுப்புற இடைவெளி) 6 செகண்ட், எஃப்ஐடி டிடெக்டர் 100 ஹெர்ட்ஸ். படம் என்னவோ நல்லாத்தான் வருது ஆனா சாஃப்ட்வேர்ல டிடெக்ட் குடுத்தா எங்க பாத்தாலும் ப்ளாப் (ஒரு பீக்னு அது எண்ணுற திட்டு). வெட்டிவேர் எண்ணெயோட முக்கிய ஆல்கஹாலான குசிமால் பீக் பெருசு, அத மூணா வெட்டிடுது, அதோட வால்ல வேற குட்டி குட்டியா பத்து நிக்குது, இன்னும் சிலது பாதி மேல் விளிம்புலயும் மீதி பாதி கீழ் விளிம்புலயும் கிடக்கு. ஒவ்வொண்ணா செலக்ட் பண்ணி மெர்ஜ், டெலீட்னு உக்காந்தா ஒரு படத்துக்கே பாதி நாள் போயிடுது, கைடு ஏரியா பர்சன்ட் எங்கன்னு கேட்டுட்டே இருக்காரு. கையாலதான் பண்ணணுமா இல்ல செட்டிங்ல ஏதாச்சும் இருக்கா?

பேஸ்லைன்பாண்டி:
மெர்ஜ்ல இப்பவே கைய வைக்காதீங்க, அது கடைசி வேலை. மொதல்ல பேக்கிரவுண்ட் கரெக்ஷன் பண்ணீங்களா? ஓவன் சூடு ஏற ஏற ப்ளீட் (காலம் உள்பூச்சே கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வர்றது) ஏறும், அது படத்துல குறுக்கால ஒரு பட்டையா ஓடும், அத எடுக்காம டிடெக்ட் குடுத்தா பட்டை மேல இருக்கிற நாய்ஸெல்லாம் பீக்னு எண்ணிடும். அப்புறம் விளிம்புல பாதி பாதியா நிக்கிறது பேஸ் ஷிஃப்ட் பிரச்சனை. 6 செகண்ட வெட்டி வெட்டித்தான் படமா அடுக்குறோம், வெட்டுற இடம் பீக் நடுவுல விழுந்தா அப்படித்தான் வரும், பீக்கே இல்லாத காலி இடமா பாத்து வெட்டு விழுற மாதிரி ஷிஃப்ட் குடுங்க. ரெண்டும் முடிச்சிட்டு மினிமம் வால்யூம (ஒரு ப்ளாப்ல குறைஞ்சது இவ்வளவு சிக்னல் இருக்கணும்ங்கற அளவு) கொஞ்சம் ஏத்துங்க, பாதி குப்பை போயிடும்.

கெடிலம்கரை:
பாண்டி சொன்னதுல முதல் ரெண்டும் சரி, மினிமம் வால்யூம இஷ்டத்துக்கு ஏத்துறதுல எனக்கு உடன்பாடில்ல. வெட்டிவேர்ல வாசனைக்கு காரணமே பல நேரம் கொஞ்சூண்டு இருக்கிற காம்பவுண்டுதான், அதெல்லாம் சேர்ந்து போயிடும். வெறும் ஹெக்ஸேன் ப்ளாங்க் ஒண்ணு ஓட்டி அதே செட்டிங்ல டிடெக்ட் குடுங்க, அதுல சால்வென்ட் தவிர வர்ற ப்ளாப் எல்லாம் ப்ளீடு, நாய்ஸ், அதெல்லாம் மறையிற அளவுக்கு மட்டும் ஏத்துங்க, அதுக்கு மேல வேணாம்.

மூணா வெட்டுறதுக்கு காரணம் வேற. இந்த சாஃப்ட்வேர் பலதும் வாட்டர்ஷெட் முறையிலதான் பீக் தேடுது. படத்த தலைகீழா கவுத்தா பீக்கெல்லாம் பள்ளம், அதுல மழை பேஞ்சா தண்ணி எந்தெந்த ஏரிக்கு ஓடுதோ அது ஒரு ப்ளாப், ரெண்டு ஏரி தண்ணி முட்டுற எடத்துல கரை. பள்ளத்துக்குள்ள சின்ன குழி இருந்தாலும் அது தனி ஏரி ஆயிடும். குசிமால் ஓவர்லோட் ஆகி உச்சி தட்டையா இருந்தா அங்க நாய்ஸ் ஒவ்வொண்ணும் ஒரு குழிதான், வால்லயும் அதே கதை. அதோட ஓவன் சூடு ஏறிட்டே இருக்கறதால ஒரே காம்பவுண்டோட அடுத்தடுத்த துண்டு ரெண்டாவது டிமென்ஷன்ல கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வரும், பீக் ஒல்லியா இருந்து நகர்வு அத விட அதிகமானா வாட்டர்ஷெட் ஒண்ணயே ரெண்டா பிரிச்சிடும். லேசா ஸ்மூத்திங் குடுங்க, தேடுறதுக்கு மட்டும், வால்யூம் ஒரிஜினல் டேட்டாவுலேர்ந்து வருதான்னு பாத்துக்குங்க. சாம்பிள டைல்யூட் பண்ணியும் ஒரு தடவ ஓட்டிடுங்க.

உப்பங்காத்து:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஷிஃப்ட் குடுத்ததும் விளிம்பு பிரச்சனை பெரும்பாலும் போச்சு. ஆனா கீழ ஓரமா சிலது அகலமா பரவி நிக்குது, அது 6 செகண்டுக்குள்ள வெளிய வராம முந்தின மாடுலேஷன்லேர்ந்து சுத்தி வந்ததா இருக்குமோ? அப்புறம் பக்கத்து பக்கத்துல ஒட்டிட்டு இருக்கிற ரெண்டு ப்ளாப் ஒரே காம்பவுண்டா இல்ல ஐசோமரான்னு (ஃபார்முலா ஒண்ணு, அமைப்பு வேற) எப்படி முடிவு பண்றது?

கெடிலம்கரை:
சுத்தி வந்ததான்னு பாக்க மாடுலேஷன 7 செகண்ட் ஆக்கி ஓட்டுங்க. நேரா வந்த பீக் ரெண்டாவது டிமென்ஷன்ல அதே நேரத்துல நிக்கும், சுத்தி வந்தது ஒரு செகண்ட் கீழ இறங்கும், இல்லன்னா காணாம போய் மேல் பக்கம் வந்து நிக்கும். இத ஷிஃப்ட் குடுக்காத படத்துல பாருங்க.

ஐசோமர் விஷயத்துல படத்த நம்பாதீங்க, துண்டு துண்டா கோடா போட்டு பாருங்க. அடுத்தடுத்த துண்டுகளோட உயரம் ஏறி அப்படியே இறங்கினா பெரும்பாலும் ஒரே காம்பவுண்டு, மெர்ஜ் பண்ணுங்க. ஏறி இறங்கி திரும்ப ஏறினா தொடாதீங்க, செஸ்குவிடெர்பீன்ல (இந்த எண்ணெயில இருக்கிற 15 கார்பன் காம்பவுண்டு வகை) அப்படி ஜோடி நெறய. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிற எடத்துல ஒரு ரன் கேட்டு வாங்குங்க, மூலக்கூறு எடை வெட்டிவோன்னா 218, குசிமால் 220, ஹைட்ரோகார்பன் பெரும்பாலும் 204, வேற வேற எடை கலந்து கிடந்தா அதுலயே தெரிஞ்சிடும், ஐசோமர்னா எடை ஒண்ணுதான்.

மாடுலேட்டர்அக்கா:
எல்லாரும் ஒரு படத்தப் பத்தியே பேசறீங்க. தம்பி கிட்ட நெறய சாம்பிள் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா மெர்ஜ் பண்ணினா இன்னைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி வெட்டுவீங்க, சாம்பிளுக்கு சாம்பிள் வர்ற வித்தியாசம் எண்ணெயோடதா உங்க மவுஸோடதான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. எல்லா எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து ஒரு பூல் ரன் எடுத்து அத மட்டும் கையால எடிட் பண்ணி, அத டெம்ப்ளேட்டா சேவ் பண்ணி மத்ததுல மேட்ச் பண்ணுங்க. பிரிக்கவே முடியாத இடத்துல ப்ளாப விட்டுட்டு ஒரு ஏரியா வரைஞ்சு மொத்தமா எண்ணிடுங்க. எதெத மெர்ஜ் பண்ணீங்கன்னு எக்ஸெல்ல ஒரு ஷீட் போட்டு கைடுக்கு ஏரியா பர்சன்ட்டோட சேர்த்தே அனுப்பிடுங்க, ரிவ்யூவர் கண்டிப்பா கேப்பாங்க.