ஊருக்கு தண்ணித்தொட்டி கட்டினவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

பண்ணைக்காடு தம்பி:
வீடு பெருகிப்போச்சு, ஹோம்ஸ்டே வேற, பழைய தொட்டி விடிஞ்சதும் காலி. அதான் ஒரு லட்சம் லிட்டருக்கு கான்கிரீட் தொட்டி. சுவர் போட்டுட்டு இருக்கப்ப மழை புடிச்சிருச்சு, ஜல்லி லாரி வத்தலகுண்டு ரோட்டுல மாட்டிக்கிச்சு, பாதி சுவரோட வேலை நின்னுச்சு, மறுநாள் அதுமேலயே அப்படியே கொட்டிட்டாங்க. மேஸ்திரி "பூசினா மறைஞ்சிரும் தம்பி"ன்னாரு. தொட்டிய ரொப்பினதும் வெளிப்பக்கம் சுத்தி ஒரே மட்டத்துல ஈரம், நூல் புடிச்ச மாதிரி. ஊரே நின்னு பாக்குது. ஒரு அப்பத்தா சுவர தடவிட்டு "நம்ம காசுல்லடா வழியுது"ன்னுச்சு. அது என்னைய தூங்க விடல.

கோத்தகிரிக்காரன்:
மழை மேல பழிய போடாதீங்க தம்பி. மலையில வேலை பாதியில நிக்கத்தான் செய்யும். நின்ன மட்டத்துல படிஞ்ச சிமெண்ட் பாலை ஜல்லி தெரியுற வரைக்கும் கொத்தி கழுவினாங்களா, அந்த இணைப்புல தண்ணி கசியாம தடுக்குற வாட்டர் பார் பட்டை வச்சாங்களா, அத கேளுங்க. எங்க ஊர்ல கதையே வேற. சரிவுல குழி எடுத்து சம்ப் கட்டினோம், மேல் ஸ்லாப் போடல, உள்ள சொட்டு தண்ணி இல்ல. ஐப்பசி மழை, சுத்தியும் களிமண்ணு, குழியில தண்ணி தேங்கி ராவோட ராவா தொட்டிய ஒரு பக்கமா தூக்கிருச்சு. அத்தன கனமான தொட்டி மிதக்கும்னு யாரு நெனச்சா! அடியில வடிகால் விடாம மலையில யாரும் சம்ப் கட்டாதீங்க.

குன்னூர் இன்ஜினியர் (ஓய்வு):
எங்க சைட்ல மார்கழி குளிர்ல அவசரப்பட்டு பலகைய பிரிச்சு மூலை பேந்துருச்சு, அவ்ளோதான் நம்ம கதை. யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லணும். தண்ணி நிக்கிற சுவருக்கு கான்கிரீட்டோட பலம் எம்30 கிரேடுக்கு குறையக்கூடாது, சிமெண்ட் 100 கிலோன்னா தண்ணி 45 லிட்டர தாண்டக்கூடாது, ஈர மணல்ல இருக்கற தண்ணியும் அந்த கணக்குலதான். ஆளுங்க கொழகொழன்னு கேப்பாங்க, குடுக்காதீங்க. கம்பிக்கு வெளிய மூடுற கான்கிரீட், அதான் கவர், 45 மில்லிமீட்டர் இருக்கணும். குளிர்ல கான்கிரீட் மெதுவாதான் இறுகும், ராத்திரி சாக்கு போட்டு மூடுங்க. பைப்ப பின்னால ஓட்டை போட்டு சொருகாதீங்க, கான்கிரீட் போடும்போதே வைங்க. பூசுறதுக்கு முன்னாடி ரொப்பி 7 நாள் ஊற விடுங்க, அப்புறம் 7 நாள் பாருங்க, வெளிப்பக்கம் காஞ்சே இருக்கணும். இதுக்கு கையெழுத்து வாங்காம பில்லு பாஸ் பண்ணாதீங்க.

கூடலூர் அக்கா:
எல்லாரும் சுவரையே பேசுறீங்க, தண்ணி எங்கருந்து வருது? எங்க தொட்டி ஒரு சொட்டு கசியல, ஆனா சித்திரையில பாதி கூட ரொம்பல. திறப்பு விழாவுக்கு மாலை போட்ட குழாய்ல பொண்ணுங்க குடத்த வச்சுட்டு நின்னத மறக்க முடியல. ஊத்து தண்ணிய மழைக்காலத்துல அளந்துட்டு கட்டிட்டாங்க. கோடையில பக்கெட்ட வச்சு அளங்க. நிமிஷத்துக்கு 20 லிட்டர்னா நாளுக்கு 28,800, ஆளுக்கு 55 லிட்டர்னா 520 பேருக்குத்தான் வரும். தொட்டி பெருசானா ஊத்து பெருசாகாது.

பண்ணைக்காடு தம்பி:
அக்கா, எங்க ஓடையில கோடையிலயும் தண்ணி உண்டு, ஊர்ல பெரியவங்கள கேட்டுட்டுதான் எடம் பாத்தோம். கோத்தகிரி அண்ணே, வாட்டர் பாரும் வைக்கல, கொத்தவும் இல்ல, நான் பக்கத்துலயே நின்னேன். இப்ப உள்பக்கமா அந்த மட்டத்த கொத்தி க்ரவுட்னு சுருங்காத சிமெண்ட் கலவைய அடைக்கலாங்கறாங்க. அப்படி செஞ்சு நின்ன தொட்டி யார் ஊர்லயாவது இருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து பாத்துட்டு அப்புறம்தான் காசு குடுப்போம்.