அம்பு முனை வாங்கணும், மலிவா போனா தேறுமா?

வணக்கம் மக்களே. பொண்ணு ரிகர்வ் வில்லுல 30 மீட்டர் அடிச்சிட்டிருக்கா, அடுத்து 50 மீட்டர். கார்பன் அம்பு வாங்கியாச்சு, முனையிலதான் குழப்பம்.

ஆன்லைன்ல டஜன் கணக்குல மலிவா வர்ற 100 கிரெய்ன் முனை கொஞ்சம் வாங்கினோம். 100 கிரெய்ன்னா சுமார் 6.5 கிராம் இருக்கணும். தெரிஞ்ச நகைக்கடைத் தராசுல வெச்சா ஒண்ணு 6.3, இன்னொண்ணு 6.7! கிட்டத்தட்ட 6 கிரெய்ன் வித்தியாசம். கிட்டக்க தெரியாது, 50 மீட்டர்ல மேல கீழ சிதறுமே. வீடு பெசன்ட் நகர், உப்புக்காத்துல அதுக்குள்ள துரு வேற.

டங்ஸ்டன் முனை பல மடங்கு விலை, இவ லெவலுக்கு ஓவர்னு நினைக்கிறேன். நல்ல கம்பெனி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா? இல்ல, மலிவானதையே நிறைய வாங்கி எடை பார்த்துப் பிரிச்சுக்கலாமா? 120 கிரெய்னுக்கு மாறினா அம்பு கூடுதலா வளையும்ங்கறாங்க, அப்ப ஸ்பைனையும் (அம்புத் தண்டோட விறைப்பு) மாத்தணுமா?

சென்னையில சில்லறையா எங்க கிடைக்கும்?

பிளேடு வெச்ச வேட்டை முனை லிங்க் அனுப்பாதீங்க ப்ளீஸ். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, டார்கெட்டும் கிழிஞ்சிடும்.