லூசிசத்துக்கு ‘மறை’ என்று சொல்லலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிறவியிலேயே சில இறகுகளோ உடல் முழுதுமோ நிறமி இல்லாமல் வெள்ளையாக இருக்கும் மாற்றத்தை லூசிசம் (leucism) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ‘வெளிர்மை’ என்று அய்யா ஒருவர் பரிந்துரைத்ததைப் படித்தேன். காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிர் என்றாலே நிறம் மங்கியது என்றுதான் மனதில் படும்; வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் என்கிறோம் அல்லவா? லூசிசத்தில் நிறம் மங்குவதில்லை. இருக்கிற இறகில் முழுதாக இருக்கும், இல்லாத இறகில் அறவே இருக்காது. உடல் முழுக்கக் கருநிறமி (மெலனின்) குறைந்து சாம்பல் பூத்தாற்போல் ஆகும் மாற்றம் வேறு. வெளிர்மையை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு ஒரு காகம் வருகிறது. இரண்டு இறக்கைகளின் நுனியிலும் ஒரே அளவு வெள்ளை, தாடைக்குக் கீழே ஒரு திட்டு. கண் மற்றக் காகங்களைப் போலவே கறுப்பு. மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்ததும் “மறைக் காக்கா” என்றார். மாடு வளர்ப்பவர்களுக்கு இது பழகின சொல். செந்நிற உடலில் வெள்ளை விழுந்த பர்கூர் மாட்டைச் செம்மறை என்பார்கள். கறுப்பில் விழுந்தால் கருமறை.

நான் இந்தச் சொல்லை முன்வைப்பதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. கருநிறமி செய்யும் உயிரணுக்கள் தோலிலேயே பிறப்பதில்லை. கரு வளரும்போது முதுகுப்பக்கம் தோன்றி, அங்கிருந்து உடல் முழுக்கப் பரவுகின்றன. அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடும். முகம், வயிறு, இறக்கை நுனி போன்ற கடைக்கோடிகளில் வெள்ளை அதிகம் விழுவது அதனால்தான். மாட்டின் மறைக்கும் காகத்தின் லூசிசத்துக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான். மரபாக வரும் குணம் என்பதும் இரண்டுக்கும் பொது.

பிறவியிலேயே உடலில் கருநிறமி உருவாகாத அல்பினோவில் கதை வேறு. அங்கே உயிரணு உரிய இடத்தில் இருக்கும். நிறமி செய்யத் தேவையான டைரோசினேஸ் என்னும் நொதி வேலை செய்யாது. கண்ணிலும் நிறமி இல்லாததால் ரத்தம் தெரிந்து கண் சிவப்பாகத் தோன்றும், வெயிலில் கூசும், பார்வையும் மட்டு. அப்படிப்பட்ட குஞ்சு கூட்டை விட்டு இறங்கிய பிறகு அதிக நாள் தாங்குவதில்லை. ஆகவே வளர்ந்து, தானே இரை தேடித் தின்கிற வெள்ளைக் காகத்தைப் பார்த்துச் செய்தித்தாள்கள் அல்பினோ என்று எழுதினால் பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும்.

மறை விழுந்த பறவைக்குப் பார்வைக் குறை கிடையாது. அதனால் பிழைக்கிறது, ஜோடி சேர்கிறது. தொல்லை இல்லாமலும் இல்லை. வைரியின் கண்ணில் சட்டென்று படும். இன்னொன்று, கருநிறமி இறகுக்கு உறுதியும் தருகிறது. மண்டிக் காகம் இறக்கையை விரித்தபோது நன்றாகப் பார்த்தேன்: கறுப்பு இறகுகளின் ஓரம் ஒழுங்காக இருக்க, வெள்ளை இறகுகளின் நுனி மட்டும் தேய்ந்து நைந்திருந்தது. நம் கிருஷ்ணகிரி அணைக்கு வரும் நத்தைகுத்தி நாரைக்கு உடலெல்லாம் வெள்ளை, ஆனால் பறக்க உதவும் பெரிய இறகுகள் கறுப்பு. காற்றோடு உரசுகிற இறகுக்குக் கறுப்பு நல்ல காப்பு.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். வெள்ளை இறகெல்லாம் மறை ஆகாது. வயதோடு, ஒவ்வொரு இறகுதிர்ப்பிலும் வெள்ளை கூடிக்கொண்டே போவதும் உண்டு. காட்டுப் பறவைகளில் அதைத்தான் நிறையப் பார்க்கிறோம். அதற்கு ‘நரை’ இருக்கிறது, புதிதாக எதுவும் தேட வேண்டாம். சத்துக் குறைவால் வெளுத்த இறகு அடுத்த இறகுதிர்ப்பில் பழைய நிறத்துக்கே திரும்பிவிடலாம். ஒரே தடவை பார்த்த பறவைக்கு இதில் எது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்போது குறிப்பேட்டில் ‘வெள்ளை இறகு’ என்று எழுதி, எந்த இடம், இரு பக்கமும் ஒத்திருக்கிறதா, கண் என்ன நிறம் என்பதைச் சேர்த்தால் போதும்.

மறை என்றால் வேதம், ஒளிதல் என்றும் பொருள் வருமே என்று சிலர் கேட்கலாம். ‘மறைக்காகம்’, ‘மறைமைனா’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. பண்பைக் குறிக்க ‘வெண்மறை’ என்று வைக்கலாம். உடல் முழுதும் வெள்ளையானால் ‘முழுமறை’. மாட்டுக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை, முதலில் காதில் உறுத்தும். காரணம் ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

மிச்சம் இருப்பது பழுப்பு மாற்றம். நிறமி அளவு சரியாக இருந்தும் முழுக்கக் கறுக்காமல் காகம் காப்பிநிறமாகி, பிறகு வெயிலில் வெளுக்கிறதே, அதற்கு ‘செவலை’ பொருந்துமா என்று தருமபுரி நண்பர்கள் சொல்லுங்கள்.