தனியாக ஓட்டினால் தேறுகிறது, வரிசையில் ஓட்டினால் விழுகிறது: ஐ2சி ஒளி சென்சார் டிரைவர்

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் கெர்னலில், ஐ2சி (சிப்களை இணைக்கும் இரு கம்பித் தொடர்பு) வழியாக இணையும் ஒரு ஒளி சென்சாருக்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதி வருகிறேன். மொத்தம் 14 டெஸ்ட். போன வாரம் வரை எல்லாம் தேறின. இப்போது 9ஆம் டெஸ்ட் விழுகிறது. அது கெயினை (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவை) 4 மடங்காக வைத்து வெளிச்சத்தை அளக்கும். வரவேண்டிய அளவில் கால் பங்குதான் வருகிறது.

9ஐ மட்டும் ஓட்டினால் தேறுகிறது. 6ஆம் டெஸ்டை (ரன்டைம் சஸ்பெண்ட், ரெஸ்யூம்: வேலை இல்லாதபோது சாதனத்தைத் தூங்க வைத்து எழுப்புவது) முன்னால் சேர்த்தாலும் தேறுகிறது. 4, 6, 9 என்று மூன்றும் இதே வரிசையில் ஓடினால்தான் விழுகிறது. 4ஆம் டெஸ்டும் கெயினை 4 மடங்காக்கும், பழையபடி திருப்பி வைக்காது. டிபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) பார்த்தால் கெயின் ரெஜிஸ்டர் (சிப் தன் அமைப்பை வைத்திருக்கும் இடம்) சரியாகவே இருக்கிறது. பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட், எல்லா கமிட்டையும் (பதிவான மாற்றத்தையும்) நல்லது என்கிறது. இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

பதில் 1:
பைசெக்டில் 9ஐ மட்டும் ஓட்டியிருந்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். ஒவ்வொரு கமிட்டிலும் ரீபூட் செய்து 4, 6, 9 மூன்றையும் ஓட்டுங்கள். பில்ட் ஆகாத கமிட்டுக்கு ஸ்கிரிப்ட் 125 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறட்டும், பைசெக்ட் அதைத் தாண்டிவிடும். அப்புறம், சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதன அமைப்புகளை மாற்ற கெர்னல் தரும் கோப்புகள்) அந்தச் சாதனத்தின் பவர் கண்ட்ரோல் கோப்பில் ‘ஆன்’ என்று எழுதி ஒருமுறை ஓட்டுங்கள். சஸ்பெண்ட் நடக்காது. 6 விழும், போகட்டும். 9 என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
9 தேறிவிட்டது! பைசெக்ட் காட்டுவது நான் போட்ட கமிட். ரெக்மேப்பில் (ரெஜிஸ்டர்களைப் படித்து எழுத உதவும் கெர்னல் பகுதி) கேஷ், அதாவது ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகல், இல்லாமல் இருந்தது. மேப்பிள் என்ற வகை கேஷ் போட்டேன்.

பதில் 2:
அப்படியானால் டிபக்எஃப்எஸ்ஸை நம்பாதீர்கள், அது காட்டுவது கேஷில் உள்ளதை. ரெஜிஸ்டரை நேரடியாகப் படிக்கும் ஐ2சிகெட் கட்டளையை எஃப் கொடியோடு (டிரைவர் பிடித்திருந்தாலும் படிக்க) ஓட்டி சிப்பிடமே கேளுங்கள். கெயின் 1 மடங்கு என்று வரும் பாருங்கள்.

4ஆம் டெஸ்ட் எழுதிய 4 மடங்கு கேஷில் இருக்கிறது. 6இல் ரெகுலேட்டர் (சிப்புக்கு மின்சாரம் தருவது) அணைந்ததும் சிப் ரீசெட் ஆகிவிட்டது, கேஷுக்கு அது தெரியாது. 9இல், ரெஜிஸ்டரை மாற்றும் ரெக்மேப்_அப்டேட்_பிட்ஸ் ஃபங்ஷன் கேஷைப் பார்த்து, மதிப்பு மாறவில்லை என்று எழுதாமலேயே திரும்பிவிடுகிறது. 4 ஓடாவிட்டால் கேஷில் 1 மடங்கு இருக்கும், எனவே எழுதிவிடும். உங்கள் மூன்று டெஸ்ட் கணக்கு இதுதான்.

கேட்டவர்:
ஐ2சிகெட் 1 மடங்குதான் காட்டுகிறது. ரெஸ்யூமில் ரெக்கேஷ்_சிங்க் (கேஷில் உள்ளதைச் சிப்பில் எழுதுவது) சேர்த்தேன், இன்னும் விழுகிறது.

பதில் 2:
கேஷ் அழுக்கு (டர்ட்டி, அதாவது சிப்போடு ஒத்துப்போகாதது) என்று குறிக்காவிட்டால் சிங்க் ஒன்றும் செய்யாது. சஸ்பெண்டில் கேஷ்-ஒன்லியை (சிப்பைத் தொடாமல் கேஷை மட்டும் பயன்படுத்தும் நிலை) ஆன் செய்து, ரெக்கேஷ்_மார்க்_டர்ட்டி அழைத்து, பிறகு ரெகுலேட்டரை அணையுங்கள். ரெஸ்யூமில் ரெகுலேட்டரைப் போட்டு, டேட்டாஷீட் சொல்லும் நேரம் பொறுத்து, கேஷ்-ஒன்லியை எடுத்துவிட்டு சிங்க்.

கேட்டவர்:
14ம் தேறின. வரிசையை மாற்றி மாற்றி ஓட்டியும் விழவில்லை. மிக்க நன்றி. 4ஆம் டெஸ்ட் முடிவில் கெயினைத் திருப்பி வைத்துவிடவா? இன்னொன்று, நண்பரின் போர்டில் இது ஒருமுறைகூட விழவில்லையே, ஏன்?

பதில் 1:
4ஐ இப்போதைக்குத் தொடாதீர்கள். அது சுத்தமாக இருந்திருந்தால் இந்தப் பிழை டெஸ்டில் மாட்டாமல் பயனரிடம் போயிருக்கும். 4, 6, 9 வரிசையை ஒரே டெஸ்டாக எழுதிச் சேர்த்த பிறகு 4ஐச் சுத்தம் செய்யலாம். நண்பரின் போர்டில் அந்த ரெகுலேட்டர் எப்போதும் ஆனில் இருக்கிறதா, வேறு சிப்போடு பகிர்ந்திருக்கிறதா என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) பாருங்கள். மின்சாரம் உண்மையில் நிற்காவிட்டால் சிப் மறக்காது.

கேட்டவர்:
பார்த்தேன், எப்போதும் ஆன் என்றே எழுதியிருக்கிறது.