பெர்த் வைல்ட்கேட்ஸ் ரசிகர்கள் ஏன் ‘35’ என்று பெருமூச்சு விடுகிறார்கள்?

புதுக்குடி:
வேலை மாறி பெர்த் வந்திருக்கிறேன். ஆபீசில் கூடைப்பந்து என்றால் வைல்ட்கேட்ஸ்தான், வேறு பேச்சே கிடையாது. ஆஸ்திரேலிய தேசியக் கூடைப்பந்து லீகில் 10 கோப்பை ஜெயித்த பெருமை புரிகிறது. ஆனால் பழைய ஆட்கள் கோப்பையை விட்டுவிட்டு ‘35 வருஷம்’ என்று புலம்புகிறார்கள். என்ன கதை? பழைய ஆட்டம் ஒன்று பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

மேல்வரிசை சீட்:
1987 முதல் 2021 வரை ஒரு வருஷம்கூடத் தவறாமல் பிளே ஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்குப் போனார்கள். அதுதான் அந்த 35. 1982-ல் வெஸ்டேட் வைல்ட்கேட்ஸ் என்று ஆரம்பித்த அணி, முதல் சில வருஷம் பெரிதாகத் தேறவில்லை. 1987-ல் திடீரென்று இறுதிப் போட்டி வரை போய் பிரிஸ்பேன் புல்லட்ஸிடம் தோற்றது. 1990-ல் அதே பிரிஸ்பேனை வீழ்த்தித்தான் முதல் கோப்பை.

தூரத்தையும் யோசியுங்கள். மிச்ச அணிகளில் கிட்டத்தில் இருப்பது அடிலெய்டு, அதுவே 2,000 கி.மீ.க்கு மேல். சிட்னி என்றால் 3,000-ஐத் தாண்டும். கோடையில் கடிகாரத்தையும் மூன்று மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். போய் இறங்கிய அலுப்போடு ஆடித்தான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார்கள்.

பார்க்க வேண்டியது 2017 இறுதித் தொடரின் (முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை) மூன்றாவது ஆட்டம். அந்த சீசனில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. கதை முடிந்தது என்றே நினைத்தோம். ஜனவரியில் பிரைஸ் காட்டன் வந்தார். ஆள் உயரமில்லை. ஆனால் பந்தோடு சட்டென்று நின்று பின்வாங்கி எறிவார் பாருங்கள், எதிரே நிற்பவர் அப்போதுதான் கையைத் தூக்கிக்கொண்டிருப்பார். இல்லவாரா அணியை 3-0 என்று துடைத்த அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் மட்டும் 45 புள்ளி!

அடிலெய்டுக்காரன்:
35-ஐ ரொம்ப ஏற்றிவிடாதீர்கள். நடுவில் சில சீசன்களில் 11 அணிகளில் 8 பிளே ஆஃபுக்குப் போயின. அதில் இடம் பிடிக்காமல் போவதுதான் கஷ்டம். 2020 கோப்பையும் அப்படித்தான்: கொரோனா நேரம், இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்துக்கு சிட்னி கிங்ஸ் வரவே இல்லை.

மேல்வரிசை சீட்:
8 பேர் போன காலம் உண்மைதான். ஆனால் அப்புறம் எட்டு அணிகளில் நான்குக்குத்தான் இடம் என்று ஆன பிறகும் போனார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? 2020-ல் கிங்ஸ் விலகும்போது பெர்த் 2-1 என்று முன்னால் இருந்தது. காலி அரங்கில் ஆடினாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். எங்கள் கேப்டன் டேமியன் மார்ட்டினுக்கு அது ஆறாவது கோப்பை. அந்தத் தடுப்பாட்டம் தெரிந்தவர்கள் யாரும் ‘ஓசிக் கோப்பை’ என்று சொல்ல மாட்டார்கள்.

புதுக்குடி:
சரி, 2022-ல் எப்படி அறுந்தது?

மேல்வரிசை சீட்:
ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் ட்ரெவர் கிளீசன் 2021-ல் வட அமெரிக்காவின் NBA லீகில் ஆடும் டொராண்டோ அணிக்குப் போய்விட்டார். உரிமையாளரும் மாறினார். மறு சீசனின் கடைசிக் கட்டத்தில் சவுத் ஈஸ்ட் மெல்போர்ன் ஃபீனிக்ஸிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். பிளே ஆஃபுக்கான கடைசி இடமான நான்காம் இடம் யாருக்குப் போனது தெரியுமா? அந்த வருஷம்தான் லீகுக்குள் வந்த டாஸ்மேனியா ஜாக்ஜம்பர்ஸுக்கு! வேறு யாராவது பழைய எதிரி என்றால் இவ்வளவு எரிந்திருக்காது.

அடிலெய்டு நண்பரே, 2025-ல் காட்டனையே உங்கள் ஊர் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இந்த 35-ஐயாவது எங்களுக்கு விட்டுவைங்க.