கரண்ட் போய் வந்தால் பாதி சிஸ்டத்தில் டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) திறப்பதில்லை, நெட்டும் இல்லை. உதவுங்கள்

பனியன் ஆபீஸ்:

வணக்கம். திருப்பூரில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட். கீழே ஆபீஸ், மாடியில் பேக்கிங். ஆபீஸில் ஏழு சிஸ்டம், ஒரு பிரிண்டர், எல்லாக் கேபிளும் 16 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றில் சேருகிறது. நெட், ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறது, அதுதான் ரவுட்டரும். டாலி டேட்டா இருக்கும் சிஸ்டத்துக்கு மட்டும் 192.168.1.10 என்று கையால் ஐபி (நெட்வொர்க் எண்) கொடுத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நாளாக, கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியதும் சில சிஸ்டங்களில் டாலி கம்பெனி லிஸ்ட் வருவதில்லை. பிரிண்டர் ஆஃப்லைன், நெட்டும் இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் இல்லை. ஒரே சிஸ்டத்தில்தான் வருகிறது என்றும் சொல்ல முடியாது, ஆள் மாற்றி ஆள் அடிவாங்குகிறோம். யூபிஎஸ்ஸில் ஓடும் சிஸ்டத்துக்கும் இதே கதி. சுவிட்ச் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் சிஸ்டம் பார்க்கிறவர்.

இன்னொரு விவரம், தேவைப்படுமோ என்னவோ: ஆடிட்டர் வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் வழி) அந்த 1.10 சிஸ்டத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. அது விண்டோஸ் 7. அதனால் ஏதும் இடிக்குமா?

ஈரோட்டுக்காரன்:

சுவிட்ச் இப்போது வாங்க வேண்டாம். எல்லா சிஸ்டத்துக்கும் கையாலேயே ஐபி போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது. எங்கள் கடையில் அப்படித்தான்.

நெட்வொர்க் கிறுக்கன்:

அண்ணா, கையால் போட்டால் அறிகுறி மறையும், காரணம் அப்படியே இருக்கும். நாளைக்கு ரவுட்டர் அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுத்தால் மோதல் வரும், அதைத் தேடுவது இதைவிடக் கஷ்டம்.

பனியன் ஆபீஸ், அடுத்த முறை சிக்கல் வரும்போது எதையும் பிடுங்காமல், அடிபட்ட சிஸ்டத்தில் கருப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) அடியுங்கள். 'ஐபிவி4 அட்ரஸ்', 'டிஃபால்ட் கேட்வே' (வெளியே போகும் வாசல்), 'டிஹெச்சிபி சர்வர்' (ஐபி எண் கொடுக்கும் பெட்டி) என்ற மூன்று வரிகளை இங்கே போடுங்கள். நன்றாக ஓடும் சிஸ்டத்திலும் அதையே எடுங்கள்.

பனியன் ஆபீஸ்:

இன்று மதியமே கரண்ட் போனது.

நல்ல சிஸ்டம்: ஐபி 192.168.1.34, கேட்வே 192.168.1.1, டிஹெச்சிபி சர்வர் 192.168.1.1.
அடிபட்டது: ஐபி 192.168.0.102, கேட்வே 192.168.0.1, டிஹெச்சிபி சர்வர் 192.168.0.1.

இந்த 0.1 யார்? எங்களிடம் ரவுட்டர் ஒன்றுதானே?

நெட்வொர்க் கிறுக்கன்:

ஒன்று இல்லை, இரண்டு. யாரோ பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றை உங்கள் கேபிளில் மாட்டியிருக்கிறார்கள், அதுவும் லேன் (உள் நெட்வொர்க்குக்கான) ஓட்டையில். வேன் (வெளி நெட்டுக்கான) ஓட்டையில் மாட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அதுவும் எண் கொடுக்கிறது, உங்கள் ஃபைபர் பெட்டியும் எண் கொடுக்கிறது. சிஸ்டம் "எனக்கு ஒரு எண் வேண்டும்" என்று பொதுவாகக் கூவும். பொதுவாக யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் வந்தவுடன் மட்டும் ஏன் என்றால், சின்ன ரவுட்டர் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி லைட்டெல்லாம் மின்னி நிற்பதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் கேட்ட சிஸ்டத்துக்கெல்லாம் தவறான எண். யூபிஎஸ் சிஸ்டமும் தப்பாது. சுவிட்ச் அணைந்து எரியும்போது அதன் கேபிள் இணைப்பு அறுந்து திரும்ப வருகிறது, உடனே பழைய எண்ணையே கேட்டுப் பார்க்கும். அந்த அந்நிய ரவுட்டர் "அது இங்கே செல்லாது" என்று மறுத்து, தன் எண் ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். 0 வரிசையில் போனவனுக்கு 1.10 எங்கே தெரியும்? டாலி இல்லை, பிரிண்டர் இல்லை, அந்த ரவுட்டருக்கே நெட் இல்லாததால் அதுவும் இல்லை.

கண்டுபிடிக்க: அடிபட்ட சிஸ்டத்தில் 'பிங் 192.168.0.1 -டி' (ping 192.168.0.1 -t) ஓடவிடுங்கள், பதில் வருகிறதா என்று அது விடாமல் கேட்கும். சுவிட்ச் பக்கம் ஒருவர் நின்று கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டட்டும், உங்கள் சிஸ்டத்தின் கேபிளைத் தவிர. எதைக் கழற்றியதும் பதில் நிற்கிறதோ, அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது ஆள்.

மலர் ஐடி:

ரவுட்டர் விஷயம் அவர் சொன்னபடிதான். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பயம். 3389 இடிக்காது, அதைவிட மோசம். இன்றைக்கே மூடுங்கள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றே மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டது. அதற்கு முந்தைய மே மாதம் வெளியே தெரிந்த 'புளூகீப்' என்ற பாதுகாப்பு ஓட்டை, பாஸ்வேர்டே தெரியாமல் இந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய விடுவது. நிலைமை எவ்வளவு மோசம் என்றால், கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அப்போது பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) கொடுத்தார்கள். உங்கள் சிஸ்டத்தில் அந்தப் பேட்ச் போட்டிருக்கிறதா, யாருக்காவது தெரியுமா?

அந்த 1.10 சிஸ்டத்தில் ஈவண்ட் வியூவரில் (நடந்தது பதிவாகும் இடம்) விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி போய், 4625 என்ற எண்ணை ஃபில்டர் செய்து பாருங்கள். அது தோற்றுப்போன லாகின் முயற்சி. பிறகு 4624, அது உள்ளே வந்தவர்கள்.

ஈரோட்டுக்காரன்:

போர்ட் எண்ணை 33890 என்று மாற்றினால் போதாதா? நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

மலர் ஐடி:

போதாது அண்ணா. தேடுகிறவர் ஆள் இல்லை, தானாக ஓடும் ஸ்கிரிப்ட். எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்க அதற்குச் சலிப்பு வராது. நீங்களும் மூடுங்கள்.

பனியன் ஆபீஸ்:

ரவுட்டர் கிடைத்துவிட்டது. மாடி பேக்கிங் மேஜைக்குக் கீழே, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால். பையர் தரப்பு க்யூசி (தரம் பார்ப்பவர்கள்) வந்தபோது வைஃபை வேண்டும் என்று யாரோ மாட்டியதாம். கழற்றியதும் பிங் நின்றது, எல்லா சிஸ்டமும் 1 வரிசைக்கு வந்துவிட்டன. மாடிக்கு வைஃபை இன்னும் தேவைதான், அதையே வைத்துக்கொள்ளலாமா?

4625 பார்த்தேன். பக்கம் பக்கமாக ஓடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயர் மாற்றி மாற்றி, ராத்திரி மூன்று மணிக்கெல்லாம். எங்கள் ஆபீஸில் அந்நேரம் வாட்ச்மேன்தான் இருப்பார். ரவுட்டரில் அந்த 3389 போர்ட் ஃபார்வர்டிங்கை அழித்துவிட்டேன். 4624-இல் எங்கள் ஆட்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

நெட்வொர்க் கிறுக்கன்:

வைத்துக்கொள்ளலாம். மேஜைமேல் வைத்து, ஒரு சிஸ்டத்தை அதோடு மட்டும் இணைத்து அதன் செட்டிங்குக்குள் போங்கள். டிஹெச்சிபியை அணையுங்கள். லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். ஃபைபர் பெட்டி கொடுக்கும் எண் வரிசைக்குள் 2 வராதபடியும், அப்படியே டாலியின் 10 வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் அநேகமாகக் கம்பெனி கொடுத்ததே இருக்கும், மாற்றுங்கள். பிறகு லேன் ஓட்டையிலேயே மாட்டலாம். க்யூசிக்காரர்கள் போன் உங்கள் டாலி இருக்கும் அதே நெட்வொர்க்கில் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஃபைபர் பெட்டியில் கெஸ்ட் வைஃபை இருந்தால், அதன் வீச்சு மாடிக்கு எட்டினால், வெளியாளுக்கு அதுவே மேல்.

மலர் ஐடி:

4624-இல் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தவன் உங்கள் பெயரில்தான் வருவான். நேரத்தையும், 'சோர்ஸ் நெட்வொர்க் அட்ரஸ்' வரியையும் பாருங்கள். லாக் நிறைந்தால் பழையதை அழித்து எழுதும், அதனால் இப்போது சுத்தமாகத் தெரிவதை முழுதாக நம்ப முடியாது. எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டாலி சிஸ்டத்தை விண்டோஸ் 11-க்கு மாற்றும் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆடிட்டருக்குத் தினமும் உள்ளே வர என்ன வேலை? மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. அதற்கு முன் டாலி பேக்கப் எடுத்து அனுப்பினால் அவர் ஆபீஸிலேயே ரீஸ்டோர் செய்து பார்ப்பார். நேரலையாகத்தான் வேண்டும் என்றால், புதிய சிஸ்டம் வந்தபின் விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வரும் வழி) போட்டுக் கொடுங்கள்.

பனியன் ஆபீஸ்:

ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். கொஞ்சம் முணுமுணுத்தார், அப்புறம் சரி என்றார். பேக்கப், தினமும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தானாகவே ஏறுகிறது, அது போதும்தானே?

மலர் ஐடி:

டிஸ்க் எப்போதும் சிஸ்டத்திலேயே செருகியிருந்தால் போதாது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் டாலி ஃபோல்டரோடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி மாட்டுங்கள், கழற்றியது பீரோவில் இருக்கட்டும். வேறொரு சிஸ்டத்தில் அதிலிருந்து ஒருமுறை ரீஸ்டோர் செய்து, போன மாத இன்வாய்ஸ் ஒன்று திறக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.