மெலனோமா ரிப்போர்ட்டில் எஸ்-100, எச்எம்பி-45 பாசிட்டிவ் என்றால் முற்றிவிட்டதா?

தேனிமகள்: அப்பாவுக்கு 61 வயது, விவசாயி. இடது குதிகாலில் கறுப்பாக ஒன்று இருந்தது. ஆணி என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தார். நீர் கசிய ஆரம்பித்ததும் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மெலனோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. எஸ்-100, எச்எம்பி-45, மெலன்-ஏ மூன்றும் பாசிட்டிவ், கேஐ-67 20 சதவீதம். மூன்றுமே பாசிட்டிவ் என்றால் முற்றிவிட்டதா? டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

ஸ்லைடுமேசை: இல்லைம்மா. நான் பேத்தாலஜிஸ்ட், சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற டாக்டர். தினமும் பார்க்கிற ரிப்போர்ட் இது. அந்த மூன்றும் மார்க்கர்கள், சதையில் சாயம் ஏறுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். செல் எந்த வகை என்று மட்டுமே காட்டும். எஸ்-100 நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்லிலும் ஏறும், அதனால்தான் மற்ற இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம். சாதாரண மச்சத்தில்கூட மெலன்-ஏ ஏறும்! கறுப்பு அதிகமுள்ள கட்டியில் பழுப்புச் சாயம் போட்டால் எது சாயம், எது மெலனின் என்ற தோலின் கறுப்பு நிறமி என்றே தெரியாது. நான் சிவப்புச் சாயம் கேட்டு வாங்குவேன். கேஐ-67 செல் பெருகும் வேகத்தைச் சொல்லும், ஸ்டேஜ் கணக்கில் அதற்கு இடமில்லை.

ரிப்போர்ட்டில் ‘பிரெஸ்லோ’ என்று மி.மீ.யில் ஒரு அளவு இருக்கும், கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று. பக்கத்திலேயே கட்டியின் மேல்தோல் புண்ணாகியிருக்கிறதா இல்லையா என்றும் இருக்கும். இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தேனிமகள்: 2.3 மி.மீ., புண் உண்டு என்று போட்டிருக்கிறது சார்.

ஸ்லைடுமேசை: அப்படியானால் டி3பி, ஆழத்தையும் புண்ணையும் வைத்துக் கட்டிக்குப் போடும் குறியீடு அது. சின்னது என்று சொல்ல மாட்டேன், தள்ளிப்போடக் கூடாது. அடுத்து, தொடை இடுக்கில் இருக்கும் முதல் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது சுத்தமாக இருந்து, வேறெங்கும் பரவாமலும் இருந்தால் ஸ்டேஜ் 2பி. கணுவில் நாலைந்து செல் தெரிந்தாலும் ஸ்டேஜ் 3. சாதாரண சாயத்தில் அந்த நாலைந்து செல் கண்ணில் படாமலே போகலாம். மெலன்-ஏ அல்லது சாக்ஸ்10 என்ற இன்னொரு மார்க்கர் போட்டால் பளிச்சென்று நிற்கும். மார்க்கர் ஸ்டேஜையே மாற்றும் இடம் அதுதான். எஸ்-100 அங்கே குழப்பும், கணுவில் இயல்பாக இருக்கும் செல்களும் அதில் ஏறிவிடும். கணுவுக்கு மார்க்கர் போடுவார்களா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

வைகைக்கரை: தங்கச்சி, எங்கள் மாமாவுக்கும் பாதத்தில்தான் வந்தது. போகும்போது ரிப்போர்ட்டோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்ப்பார்கள், பிராஃப், கிட் மரபணு டெஸ்டுக்கும் அதே பிளாக்தான் வேண்டும். எங்களுக்கு அதைத் தேடி எடுக்கவே நாளாகிவிட்டது.

தேனிமகள்: நாளைக்குக் காலையிலேயே லேபுக்குப் போகிறேன் அண்ணா.